கட்டணம் கேட்டு வரும் கடிதம்: காப்புரிமை பற்றி வகுப்பறையில் பேசுவோம்

நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கும் கைபேசிகளில் பெரும்பாலானவை இரண்டு சிம் அட்டைகள் போடக்கூடியவை. ஊருக்குள் ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் கிடைக்கும். தஞ்சாவூருக்கு வந்தால் இன்னொன்று மலிவு. அதனால் இரண்டும் தேவைப்படுகின்றன. இந்தச் சாதாரண வசதியைத் தன் அனுமதி பெற்றே யாரும் விற்க வேண்டும் என்று ஒருவர் உரிமை கோரிய வழக்கு நம் மாநிலத்திலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மதுரையைச் சேர்ந்த ஒருவர் 2002இல் விண்ணப்பித்து, 2008இல் இந்தியக் காப்புரிமை பெற்றார். ஒரே கைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைப் பயன்படுத்தும் அமைப்புக்கான காப்புரிமை அது. அந்தக் காப்புரிமையைச் சுங்கத் துறையில் பதிவு செய்து, இறக்குமதியாகும் இரட்டை சிம் கைபேசிகளைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிறுத்தக் கோரினார். 2007ஆம் ஆண்டின் சுங்க விதிகள் அதற்கு இடம் தந்தன. ஸ்பைஸ், சாம்சங் போன்ற நிறுவனங்கள் எதிர்த்து முறையிட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012இல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. முன்பே வெளிவந்திருந்த ஆவணங்களோடு ஒப்பிட்டால் இது காப்புரிமை பெறும் தகுதியுடையதன்று என்பது முடிவின் சாரம்.

கவனித்துப் பாருங்கள். 2008இல் வழங்கப்பட்டது, 2012இல் இல்லாமல் போனது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அது சட்டப்படி உயிருள்ள உரிமையாகவே இருந்தது. வலுவில்லாத ஒரு காப்புரிமை, அதை யாராவது எதிர்த்து வெல்லும் வரை வலுவான காப்புரிமையைப் போலவே வேலை செய்யும். இந்த ஒரு செய்தியை நம் மாணவர்கள் புரிந்துகொண்டால் போதும், பிற்காலத்தில் தொழில் செய்யும்போதும் புதிதாக ஒன்றை உருவாக்கும்போதும் அவர்கள் ஏமாற மாட்டார்கள். பாபநாசம் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரியும் நான், கடந்த சில ஆண்டுகளாக இதை வகுப்பில் பேசி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இக்கட்டுரை.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம்

காப்புரிமையைப் பரிசு என்று நினைக்கும் மாணவர்கள் அதிகம். உண்மையில் அது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். கண்டுபிடிப்பாளர் தன் ரகசியத்தை முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலாக, 20 ஆண்டுகளுக்கு அதைப் பிறர் அனுமதியின்றிச் செய்வதைத் தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. அந்தக் காலம் முடிந்ததும் அறிவு எல்லோருக்கும் பொதுவாகிவிடும். 

இந்த ஒப்பந்தத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அது உலகத்துக்குப் புதியதாக இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் துறையை அறிந்த ஒருவர் எளிதில் யோசித்துவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. ஒரு படி மேலே போயிருக்க வேண்டும். மூன்று, தொழிலில் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும்.

காப்புரிமை ஆவணத்தின் உயிர் அதன் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் ‘உரிமைக் கோரல்கள்’ என்ற பகுதியில் இருக்கிறது. நிலப் பத்திரத்தில் நான்கு மால் எழுதுவது போல, ‘இதுவரை என்னுடையது’ என்று எல்லை வரையறுக்கும் வாக்கியங்கள் அவை. எல்லையைத் தெளிவாக எழுதினால் சண்டை குறையும். மங்கலாக எழுதினால், பக்கத்து நிலத்தையும் சேர்த்துக் கேட்கலாம். கணினி, இணையம் சார்ந்த காப்புரிமைகளில் இந்த மங்கல் அதிகம். ‘ஒரு சாதனத்திலிருந்து தகவலைப் பெற்று மற்றொரு சாதனத்துக்கு அனுப்பும் முறை’ என்று எழுதிவிட்டால் அதற்குள் எதைத்தான் அடக்க முடியாது?

விண்ணப்பத்தை ஆராயும் அலுவலருக்குக் கிடைப்பது சில மணி நேரங்களே. உலகில் இதுவரை எழுதப்பட்ட எல்லாவற்றையும் அவர் அதற்குள் தேடிவிட முடியாது. ஆகவே தகுதியற்ற சில காப்புரிமைகளும் வழங்கப்பட்டுவிடுகின்றன. இது எந்த நாட்டுக்கும் பொது. அவற்றை வைத்துத் தொழில் நடத்தத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

வாங்கி வைத்துக் கேட்பது

மதுரைக்காரர் தாமே விண்ணப்பித்தவர். யாரிடமும் விலைக்கு வாங்கியவர் அல்லர். அமெரிக்காவில் இதைத் தாண்டிய ஒரு வணிகம் வளர்ந்தது. நொடித்துப்போன நிறுவனங்களிடமிருந்தும் கைமாறும் நிறுவனங்களிடமிருந்தும் காப்புரிமைகளை வாங்குவார்கள். அவற்றைக் கொண்டு எந்தப் பொருளும் தயாரிக்க மாட்டார்கள். ஏற்கெனவே தயாரித்து விற்பவர்களுக்குக் கடிதம் எழுதி, உரிமக் கட்டணம் கேட்பார்கள். ஸ்காண்டிநேவிய நாட்டுக் கதைகளில் பாலத்துக்கு அடியில் பதுங்கியிருந்து கடந்து போவோரை மிரட்டும் பூதத்துக்கு ‘ட்ரோல்’ என்று பெயர். அதை ஒட்டி இவர்களை அங்கே ‘பேட்டன்ட் ட்ரோல்’ என்கிறார்கள். பாலத்தைக் கட்டியது வேறு யாரோ; வசூல் மட்டும் இவர்களுடையது.

இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

இணையக் கடைகளில் பொருள் வாங்கும்போது, தேர்ந்தெடுத்தவற்றை ஒரு கூடையில் சேர்த்து மொத்தமாகப் பணம் செலுத்துகிறோம். இந்தக் கூடைக்கு ஒரு காப்புரிமை இருந்தது. ஓப்பன் மார்க்கெட் என்ற நிறுவனம் 1990களில் பெற்றது. அது கைமாறி, 2003இல் சோவரெயின் என்ற நிறுவனத்தின் வசம் வந்தது. சோவரெயின் பெரிய இணையக் கடைகள் மீது வழக்குத் தொடுத்தது. அமேசான் நிறுவனம் 2005இல் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நியூஎக் என்ற கணினிப் பொருள் விற்பனை நிறுவனம் பணியவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீட்டில், 1984 முதலே கம்ப்யூசர்வ் என்ற சேவையில் கணினி வழியாகப் பொருள்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும் வசதி இருந்ததைக் காட்டியது. 2013 ஜனவரியில் அந்த உரிமைக் கோரல்கள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு பழைய சேவையின் ஆவணங்கள் கோடிக்கணக்கான டாலர் உரிமையை வீழ்த்தின.

இரண்டாவது உதாரணம் நம் பள்ளி அலுவலகத்திலேயே இருக்கிறது. ஒரு தாளை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறோம் அல்லவா? அதற்கான காப்புரிமை தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, எம்.பி.எச்.ஜே. என்ற நிறுவனம் தன் துணை நிறுவனங்களின் பெயரில் அமெரிக்கச் சிறு தொழில்களுக்கு 16,000க்கும் மேற்பட்ட கடிதங்களை அனுப்பியது. ஒரு பணியாளருக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று கடிதங்கள் எச்சரித்தன. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்து, அந்த மிரட்டல் வாசகங்கள் ஏமாற்றும் தன்மையுடையவை என்று நடவடிக்கை எடுத்தது. 2014 நவம்பரில் நிறுவனம் அதற்கு உடன்பட்டது. இதற்கிடையில் 2013இல் வெர்மான்ட் மாநிலம், தீய நோக்கோடு இத்தகைய கடிதங்கள் அனுப்புவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. இந்த நிறுவனம் ஸ்கேனர் தயாரித்தவர்களை விட்டுவிட்டு, ஸ்கேனரைக் கடையில் வாங்கிப் பயன்படுத்தியவர்களைத் தேடிப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்க்க வசதியில்லாதவர்கள் அவர்கள்தாம்.

பத்தாம் வகுப்புக் கணக்கு

நியாயம் நம் பக்கம் இருக்கும்போது ஏன் பணம் கட்ட வேண்டும்? மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. விடையைக் கணக்கில் காட்டலாம். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒருவர் 1,000 கடைகளுக்குக் கடிதம் அனுப்புகிறார். ஒவ்வொரு கடையிடமும் 1 லட்சம் ரூபாய் கேட்கிறார். ஒரு கடிதத்துக்கு 50 ரூபாய் செலவு என்றால், மொத்தச் செலவு 50,000 ரூபாய். பத்தில் ஒரு கடை கட்டினாலும் 100 லட்சம், அதாவது 1 கோடி ரூபாய் வரவு. இப்போது கடைக்காரர் பக்கம் வருவோம். வழக்காடினால் 50 லட்சம் ரூபாய் செலவாகும். அமெரிக்காவில் பொதுவாக அவரவர் வழக்கறிஞர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்; வென்றவருக்கும் செலவு திரும்பி வராது. ஆகவே, வெற்றி நூற்றுக்கு நூறு உறுதி என்றாலும் கடைக்காரருக்கு 50 லட்சம் நட்டம். கட்டிவிட்டால் 1 லட்சம்தான் நட்டம்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அநியாயம் என்று தெரிந்தும் கட்டுவதுதான் ‘லாபம்’ என்று கணக்கு சொல்கிறது.

அப்படியே விட்டுவிடாமல் அடுத்த கணக்கைக் கொடுங்கள். 50 கடைகள் சேர்ந்து ஒரே வழக்கை நடத்தினால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு? 1 லட்சம். கட்டுவதும் எதிர்ப்பதும் சமம். 100 கடைகள் சேர்ந்தால்? 50,000. எதிர்ப்பதே மலிவு. நீதிமன்றத்துக்குப் போகாமல், காப்புரிமை அலுவலகத்திலேயே 5 லட்சம் செலவில் மறுபரிசீலனை கேட்க முடிந்தால்? ஐந்து கடைகள் சேர்ந்தாலே 1 லட்சம்தான். ஆறாவது கடை சேர்ந்தால் எதிர்ப்பது மலிவாகிவிடும். சேர்ந்து நிற்பதும், செலவு குறைந்த எதிர்ப்பு வழி இருப்பதும் ஏன் முக்கியம் என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்கா 2011இல் தன் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அலுவலகத்திலேயே மறுபரிசீலனை செய்யும் புதிய முறையைக் கொண்டுவந்ததன் பின்னணியும் இதுதான்.

கடிதம் வந்தால் என்ன கேட்பது?

என்னிடம் படித்த ஒருவர் தஞ்சாவூரில் இன்னொரு நண்பரோடு சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். மளிகைக் கடைகளுக்கான பில் போடும் செயலி. வெளிநாட்டில் உள்ள தமிழர் கடைகளும் வாங்கியிருந்தன. ஒருநாள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது. கேட்ட தொகை அவர்களுடைய ஓராண்டு வருமானத்துக்குச் சற்றே குறைவு. “டீச்சர், கட்டிடலாமா, இல்ல வெளிநாட்டு விற்பனையையே நிறுத்திடலாமா?” என்று கேட்டார். “ரெண்டும் வேண்டாம்ப்பா, முதல்ல கடிதத்தை நிதானமாப் படி” என்றேன்.

இருவரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளை எழுதினோம். காப்புரிமையின் எண் என்ன? அது எந்த நாட்டில் செல்லும், இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா? இன்று அதன் உரிமையாளர் யார்? எந்த எண்ணுள்ள உரிமைக் கோரலை, செயலியின் எந்தப் பகுதி மீறுகிறது?

இந்த நான்கும் சாதாரணக் கேள்விகள்தாம். காப்புரிமை அந்தந்த நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும்; உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என்று ஒன்று இல்லை. எண்ணைக் கொண்டு ஆவணத்தை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நான்காவது கேள்விக்கான விடைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஓர் உரிமைக் கோரலில் நான்கு கூறுகள் சொல்லப்பட்டிருந்தால், நான்கும் நம் பொருளில் இருந்தால்தான் பொதுவாக மீறல் ஆகும். அந்தக் கடிதம் சுட்டிய கோரலில் இருந்த ஒரு கூறு அவர்களுடைய செயலியில் இல்லவே இல்லை. சென்னையில் உள்ள ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டினார்கள். அவர் அதைச் சுட்டிக்காட்டி ஒரே ஒரு பக்கத்தில் பதில் எழுதினார். அதன் பிறகு அங்கிருந்து கடிதம் வரவில்லை.

எல்லாக் கடிதங்களும் இப்படி முடிந்துவிடாது. சிலவற்றில் நியாயமான உரிமையும் இருக்கும். ஆகவே ‘வந்த கடிதத்தைக் கிழித்துப் போடு’ என்று நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. படி, கேள், தகுந்தவரைக் கலந்து பேசு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாயி சொன்னால் போதாதா?

டெல்டா மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க விதைநெல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒரு கற்பனை உரிமைக் கோரலைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘நல்ல முட்டை மிதக்கும் அளவுக்கு நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைப் போட்டு, மிதக்கும் பதரை நீக்கும் முறை.’ இதற்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று கேட்டேன்.

“எங்க அப்பாயி இதைத்தான் டீச்சர் செய்யுறாங்க” என்றாள் ஒரு மாணவி. எப்போதிலிருந்து, எதைக் காட்டி நிரூபிப்பாய் என்றேன். அவளிடம் பதில் இல்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். வேளாண் துறைத் துண்டறிக்கை ஒன்றை ஒரு மாணவன் கொண்டுவந்தான். அதில் ஆண்டு அச்சிடப்படவில்லை. இன்னொரு குழு கிளை நூலகத்திலிருந்து வேளாண்மைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பதிப்பு ஆண்டு இருந்தது. எது சான்றாகும் என்று வகுப்பே விவாதித்தது. தேதி இல்லாத உண்மை, சபையில் வாய் திறக்க முடியாத சாட்சி போன்றது என்பதை அன்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

மஞ்சள் வழக்கு இதற்குச் சரியான தொடர்ச்சி. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அடிபட்ட இடத்தில் மஞ்சள் பூசாத வீடு நம் பக்கத்தில் உண்டா? ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் மக்கள் பயன்படுத்தி வந்தார்கள் என்பது மட்டும் தடையாகாது. அது அச்சில் வந்திருக்க வேண்டும். ஆகவே இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் 32 சான்றாவணங்களைத் திரட்டியது. அவற்றுள் ஒன்று, இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953இல் வெளிவந்த கட்டுரை. 1997இல் காப்புரிமை ரத்தானது. கோடிக்கணக்கான பாட்டிமார்களின் அனுபவம் செய்ய முடியாததைத் தேதியிட்ட அச்சுத் தாள்கள் செய்தன. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அமெரிக்கா அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. ஆனாலும் நிரூபிக்கும் சுமை குறையவில்லை.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவின் மஞ்சள் நிற அவரை ஒரு பாடம். அமெரிக்கர் ஒருவர் மெக்சிகோவில் வாங்கிய பையிலிருந்து விதையெடுத்துப் பயிரிட்டு, ‘எனோலா’ என்று பெயரிட்டு 1999இல் காப்புரிமை பெற்றார். பிறகு, மெக்சிகோவிலிருந்து மஞ்சள் அவரையை இறக்குமதி செய்வோரிடம் ஒரு பவுண்டுக்கு 6 சென்ட் கேட்டார். கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம் தன் விதை வங்கியில் இருந்த மஞ்சள் அவரைகளைக் காட்டி எதிர்த்தது. இறுதித் தீர்ப்பு வந்தது 2009இல். தலைமுறை தலைமுறையாக விளைந்த ஓர் அவரையை மீட்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

நம் டெல்டாவில் நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. 1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டீ. 27 ரகம், திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாகத் தஞ்சை மாவட்டம் முழுவதும் பரவியது. உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அரசின் பணத்தில் உருவான அறிவு, வானொலியில் ஏறி, யாருக்கும் கட்டணமின்றிக் குறுவை வயலுக்கு வந்து சேர்ந்தது. அறிவு பரவுவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் சட்டம் தரும் காப்பு

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970 பல முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில.

சட்டத்தின் 3ஆம் பிரிவு எவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்று பட்டியலிடுகிறது. கணித முறைகள், வணிக முறைகள், வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை அதில் அடங்கும். விதைகளும் தாவர ரகங்களும் அடங்கும். மரபுவழி அறிவும் அடங்கும். 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் மென்பொருளுக்குச் சற்று அதிகமாகக் கதவைத் திறக்க முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் அந்தப் பகுதி இடம்பெறவில்லை.

25ஆம் பிரிவின்படி, ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், காப்புரிமை வழங்கப்படும் முன், எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். வழங்கிய பின்னும் ஓராண்டுக்குள் தொடர்புடையவர்கள் எதிர்க்கலாம். காப்புரிமை பெற்றவர், தன் கண்டுபிடிப்பு இந்தியாவில் உண்மையில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறதா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் படிவம் 27இல் தெரிவிக்க வேண்டும். வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்போருக்கு இது ஒரு கடிவாளம். ஆதாரமற்ற மிரட்டல் வந்தால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் சென்று நிவாரணம் கேட்க 106ஆம் பிரிவு வழி செய்கிறது. இரட்டை சிம் வழக்கில் பேசப்பட்ட சுங்க விதிகளும் 2018 ஜூனில் திருத்தப்பட்டு, காப்புரிமை அவற்றின் வரம்பிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு காப்புரிமை செல்லுமா, மீறப்பட்டதா என்பது துறைமுகத்தில் தீர்க்கக்கூடிய விஷயமன்று.

விதையைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்ட விதையாக விற்பது மட்டுமே விலக்கு.

மரபு மருத்துவ அறிவுக்காக 2001இல் மரபுசார் அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி நூல்களில் உள்ளவை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் மாற்றப்பட்டு, பல நாட்டுக் காப்புரிமை அலுவலர்கள் தேடிப் பார்க்கத் தரப்படுகின்றன. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் தன் மருத்துவச் சுவடிகளை அச்சிட்டு வெளியிட்டிருப்பதன் மதிப்பும் இந்தக் கோணத்தில் இன்னும் கூடுகிறது. சுவடியாக மட்டும் இருந்தால் அது சிலருக்கே தெரியும். பதிப்பு ஆண்டோடு நூலாகிவிட்டால் எந்த நாட்டு அலுவலகத்திலும் வைக்கக்கூடிய சான்று.

காப்புரிமையே கெட்டதா?

இவ்வளவும் கேட்ட பிறகு, ‘அப்படியானால் காப்புரிமையே வேண்டாமே’ என்று ஒரு மாணவராவது சொல்வார். அதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். சொந்தமாகத் தொழிற்சாலை இல்லாத கண்டுபிடிப்பாளருக்குக் காப்புரிமைதான் பிடிமானம். பல்கலைக்கழகங்கள் தாமே பொருள் தயாரிப்பதில்லை. ஆய்வு செய்து, உரிமத்தைத் தொழில் நிறுவனங்களுக்குத் தருகின்றன. தயாரிக்காமல் கட்டணம் கேட்பவர் எல்லோரும் தவறானவர் அல்லர். அவர் கையில் இருக்கும் காப்புரிமை தகுதியானதா, எல்லை தெளிவானதா, கேட்கும் முறை நேர்மையானதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நம் மாணவர்களே நாளை காப்புரிமை கோரக்கூடும். பள்ளி மாணவர்களின் புதிய எண்ணங்களுக்கு இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் 10,000 ரூபாய் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளிகளிலிருந்து நல்ல கருத்துகள் போகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பை வெளிப்படையாகக் காட்சிப்படுத்தினாலோ, காணொலியாக வெளியிட்டாலோ, அதுவே ‘முன்பே தெரிந்தது’ என்ற சான்றாகத் திரும்பக்கூடும். உண்மையிலேயே புதியது என்று தோன்றினால், கண்காட்சிக்கு முன்பே தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் இயங்கும் காப்புரிமைத் தகவல் மையத்தை அணுகிக் கேட்பது நல்லது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

அறிவியல் ஆசிரியர்கள், செயல்திட்டக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் மாணவர் கையொப்பமும் பார்த்தவர் கையொப்பமும் இடப் பழக்கலாம். தோற்றுப்போன சோதனைகளையும் அடிக்காமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தொடக்கநிலை வகுப்புகளில் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம். ‘இன்று நான் கண்டது’ என்று தேதியோடு இரண்டு வரி எழுதினாலே போதும்.

தமிழாசிரியர்கள் ஒரு சாதாரணப் பொருளைக் கொடுத்து, அதன் எல்லையை ஒரே வாக்கியத்தில் வரையறுக்கச் சொல்லலாம். குடையை ‘மழையில் நனையாமல் காக்கும் பொருள்’ என்று எழுதினால் தொப்பியும் கூரையும் அதற்குள் வந்துவிடும். மங்கலான சொல் எப்படிப் பிறர் உரிமையை விழுங்குகிறது என்பது அதில் விளங்கும். மொழித் திறனும் கூடும். கணித ஆசிரியர்களுக்கு மேலே சொன்ன கடைக் கணக்கு இருக்கிறது.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் பெரிய கோயில் கல்வெட்டுகளிலிருந்து தொடங்கலாம். ஆட்சியாண்டு, கொடுத்தவர், கொடுத்த பொருள், அதன் எடை என்று ஒன்றுவிடாமல் வெட்டி வைத்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவை சாட்சி சொல்கின்றன. அதே ஒழுங்கில் இன்று எழுத வேண்டியவை நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கப்பட வேண்டும். உங்கள் ஊராட்சியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று மாணவர்களை விசாரிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது அவர்களின் ஒப்புதலைப் பெறுவதும், சொன்னவரின் பெயரை அவர் விரும்பினால் குறிப்பதும் முக்கியம். வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும்.

என் வகுப்பில் இப்போது ‘ஊர் அறிவுப் பதிவேடு’ என்ற நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், யார் சொன்னார், எந்த நாளில் எழுதியது, இது அச்சில் எங்காவது வந்திருக்கிறதா என்ற ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் மாணவர்கள் நூலகத்துக்கு நடக்கிறார்கள். பல பதிவுகளில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அடுத்து எதைத் தேட வேண்டும் என்பதை அந்தக் காலியிடங்கள்தாம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு நோட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் மறக்காமல் தேதியை எழுதுங்கள்.